எலும்பு உடையவில்லை, ஆனால் விரல் நிற்கவில்லை

காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கடிதம்:

"டாக்டர் சாருக்கு வணக்கம். எனக்கு 41 வயசு. நாலு மாடு வெச்சிருக்கோம். ரெண்டு வேளையும் நான்தான் கறந்து சொசைட்டிக்கு ஊத்தறேன். மாட்டுப் பொங்கல் அன்னிக்கு மாட்டைக் குளிப்பாட்ட ஓட்டிட்டுப் போனப்போ பட்டாசு சத்தத்துல மிரண்டு ஓடிடுச்சு. கயிறை வலது கையில சுத்திப் புடிச்சிருந்தேன். கட்டைவிரலை வெளிப்பக்கமா இழுத்துட்டுப் போயிடுச்சு. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்து, எலும்பு உடையல, சுளுக்குதான்னு மாத்திரை குடுத்தாங்க. அப்புறம் ஊர்ல எண்ணெய் போட்டு நீவி, பத்தை வெச்சு பதினஞ்சு நாள் கட்டினாங்க. வீக்கம் போயிடுச்சு. ஆனா எட்டு மாசமாகியும் விரல்ல பலம் இல்ல. களி கிண்டத் துடுப்பைப் புடிச்சா விரல் வெளிப்பக்கம் சாயுது. பால் கேன் மூடியைத் திறக்க முடியல. மூட்டுப் பக்கத்துல பட்டாணி மாதிரி ஒரு கட்டி. ஒரு டாக்டர் ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணணுங்கறார். இன்னொருத்தர் இவ்ளோ நாளானா தைக்க முடியாதுங்கறார். ஆபரேஷன் பண்ணா விரல் கட்டையாட்டம் நின்னுடும்னு பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்தறாங்க. ஊசி போட்டா சரியாகாதா? பண்ணலாமா, விட்டுடலாமா?"

அம்மா, வணக்கம்.

அந்த இரண்டு டாக்டர்களும் சொன்னது சரிதான். கிழிந்த ஜவ்வை அப்படியே இழுத்துத் தைக்கிற காலம் உங்களுக்கு அநேகமாகக் கடந்துவிட்டது. ஆனாலும் ஆபரேஷன் உண்டு. அதன் வகைதான் மாறும். எப்போது செய்துகொள்வது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அது மூட்டைப் பற்றியதைவிட மாட்டைப் பற்றியது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் பக்கத்தில் கையில் எது வலித்தாலும் 'நரம்பு பிசகிடுச்சு' என்பார்கள். நரம்பு வேறு, அது உணர்ச்சியைக் கொண்டுபோகும் கம்பி. தசையை எலும்போடு கட்டி விரலை மடக்குவதும் நீட்டுவதும் தசைநார். ஒரு எலும்பை இன்னொரு எலும்போடு பக்கவாட்டில் இறுக்கிப் பிடிப்பது லிகமெண்ட், நீங்கள் சொல்லும் ஜவ்வு. கிழிந்தது இந்த மூன்றாவது. சரிசெய்ய இரண்டாவதிலிருந்து கொஞ்சம் கடன் வாங்குவோம் என்பதால்தான் இந்தப் பாடம்.

கட்டைவிரலுக்கு மூன்று மூட்டு. மணிக்கட்டை ஒட்டி ஒன்று, நகத்தை ஒட்டி ஒன்று, நடுவில் ஒன்று. அந்த நடு மூட்டின் இரண்டு பக்கமும் கதவின் கீல் மாதிரி ஒவ்வொரு ஜவ்வு இருக்கிறது. ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கத்து ஜவ்வுதான் பாடுபடுகிறது. சாவியைப் பிடித்துத் திருகும்போது ஆள்காட்டி விரல் கட்டைவிரலை வெளியே தள்ளும். தள்ளவிடாமல் தாங்குவது அது. துடுப்பைப் பிடித்தால் விரல் சாய்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதற்கு மேல் விளக்கமே வேண்டாம். களி கிண்டுகிற வேலையைப் போல அந்த ஜவ்வைச் சோதிக்க எங்கள் அறையில் ஒரு கருவியும் இல்லை.

இந்தக் காயத்துக்கு ஆங்கில மருத்துவத்தில் ஒரு பழைய பெயர் உண்டு: 'வேட்டைக் காவலர் கட்டைவிரல்'. 1955இல் காம்ப்பெல் என்ற அறுவை மருத்துவர், ஸ்காட்லாந்தில் வேட்டை நிலங்களைக் காவல் காத்தவர்களிடம் இதைக் கண்டு எழுதினார். முயலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்துக் கழுத்தை முறிப்பது அவர்கள் பழக்கம். பல வருஷம் அப்படிச் செய்ததில் ஜவ்வு தளர்ந்துபோனது. பிறகு பனிச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்கு, கையில் பிடித்த கோலோடு விழும்போது, ஒரே நொடியில் அதே ஜவ்வு அறுவதைப் பார்த்தார்கள். நமக்கு முயலும் இல்லை, பனியும் இல்லை. தும்புக் கயிறு இருக்கிறது, டூவீலர் ஹேண்டில்பார் இருக்கிறது, எருது விடும் விழா இருக்கிறது. தை, மாசியில் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து இளைஞர்கள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு வந்தால் நான் காரணம் கேட்பதில்லை, எந்த ஊர் எருது என்றுதான் கேட்பேன்.

எலும்பு உடையாத ஒரு காயம், பதினைந்து நாள் கட்டியும் ஏன் சேரவில்லை? 1962இல் ஸ்டெனர் என்ற சுவீடன் மருத்துவர் இதற்கு விடை சொன்னார். அந்த ஜவ்வின் மேல் இன்னொரு தசையின் மெல்லிய விரிப்பு போர்த்தியிருக்கும். விரல் பலமாக வெளியே இழுபடும்போது ஜவ்வு எலும்பிலிருந்து பிய்ந்து, விரிப்புக்கு அடியிலிருந்து வழுகி வெளியே வந்துவிடும். விரல் பழைய இடத்துக்குத் திரும்பும்போது விரிப்பும் திரும்பும். ஜவ்வின் முனை மட்டும் வெளியிலேயே நின்றுவிடும். பீரோ கதவைச் சாத்தியபின் சேலை முனை வெளியே தொங்குகிற மாதிரி. இனி நீவினாலும் பத்தை வைத்துக் கட்டினாலும், ஏன், நாங்களே மாவுக்கட்டுப் போட்டாலும், அது உள்ளே போகாது. சுருண்டு உருண்டையாகத் தோலுக்கடியில் தட்டுப்படும். உங்கள் 'பட்டாணி' அதுவாக இருக்கலாம். தொட்டுப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. 'எலும்பு உடையல' என்பது உண்மையான பதில், பாதிப் பதில். மீதிப் பாதி விரலை மெதுவாகச் சாய்த்துப் பார்ப்பதில் இருந்தது. இரண்டு கையையும் ஒப்பிட்டு, மூட்டை நேராக வைத்து ஒரு முறை, 30 பாகை மடக்கி ஒரு முறை சாய்ப்போம். 30, 35 பாகைக்கு மேல் சாய்ந்தாலோ, நல்ல கையைவிட 15 பாகை கூடுதலாகப் போனாலோ, போய் முட்டுகிற இடமே இல்லாமல் வழவழவென்று போனாலோ, ஜவ்வு முழுதாக அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். அதை வீட்டில் நீங்களே தினமும் சாய்த்துச் சாய்த்துப் பார்க்காதீர்கள். கடிதத்தைப் படித்தால் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

இப்போது காலக் கணக்கு. அறுந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் வந்தால், முனையைத் தேடிப் பிடித்து, அது இருந்த எலும்பிலேயே நூல் கோத்த ஒரு சிறு ஆணியை வைத்துக் கட்டிவிடலாம். ஆறு வாரம் தாண்டினால் 'பழைய காயம்' என்போம். முனை சுருங்கி, சுற்றிலும் தழும்பு ஏறி, எது ஜவ்வு எது தழும்பு என்று பிரித்தறிவதே கஷ்டமாகும். ஆனால் ஆறு வாரம் என்பது அரசாணை இல்லை. சில மாதம் கழித்துத் திறந்தபோதும் நல்ல நீளத்தில் ஜவ்வு கிடைத்து, அதையே வைத்துக் கட்டியிருக்கிறேன். எட்டு வாரத்தில் வந்தவருக்கு ஒன்றுமே கிடைக்காமலும் போயிருக்கிறது. திறந்து பார்த்தால்தான் தெரியும். அதனால், மேசையில் படுக்கும் முன்பே எல்லாத் திட்டத்தையும் உங்களிடம் சொல்லிக் கையெழுத்து வாங்குகிற மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள்.

முதல் திட்டம் நான் சொன்னது: பழைய ஜவ்வு தேறினால் அதையே திரும்பக் கட்டுவது. எட்டு மாதத்தில் இதற்கு வாய்ப்புக் குறைவு; இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, புது ஜவ்வு செய்வது. உங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் ஆகும் என்று நினைக்கிறேன். வலது கையில் கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துவைத்து, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்பக்கம் மடக்கிப் பாருங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு நார் கயிறு மாதிரி புடைத்து நிற்கிறதா? அந்தத் தசைநார் இல்லாமலே பிறந்தவர்கள் பலர், அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. இருந்தும் பெரிய உபயோகம் இல்லாத அந்த நாரை, முன்கையில் இரண்டு மூன்று சின்ன வெட்டுப் போட்டு எடுப்போம். விரல் எலும்பின் அடியில் இரண்டு துளை, அதற்கு மேலே உள்ள உள்ளங்கை எலும்பின் தலையில் ஒரு துளை போட்டு, நாரை முக்கோணமாகக் கோத்து இறுக்குவோம். மூக்கணாங்கயிறு கோக்கிற கை உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் உடனே புரிந்துவிடும். அந்த நார் இல்லாதவர்களுக்கு வேறு இடத்திலிருந்து எடுக்கலாம், கவலை இல்லை. சில வாரம் மூட்டு அசையாமல் இருக்க ஒரு மெல்லிய கம்பியும் சிலர் குறுக்கே விடுவோம்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை. மூட்டின் உள்ளே குருத்தெலும்பு நன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கக் கீல் இல்லாத கதவு தினமும் திறந்து மூடினால் நிலையில் உரசுமே, அதுபோல் தளர்ந்த மூட்டு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் சரிந்து சரிந்து தேய்கிறது. விரல் எலும்பு உள்ளங்கைப் பக்கம் இறங்கித் திருகிக்கொள்ளவும் செய்யும். தேய்ந்த மூட்டில் புது ஜவ்வு கட்டினால் மூட்டு நிற்கும், வலி நிற்காது. அதனால் புதிதாக ஒரு எக்ஸ்ரே கட்டாயம். எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வா என்று பழைய காயத்துக்கு நான் எல்லோரையும் அனுப்புவதில்லை. கையே பதில் சொல்லும்போது அந்தப் பணத்தைத் தீவனத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் செய்யத் தெரிந்தவர் அல்ட்ராசவுண்டிலேயே நிறையச் சொல்லிவிடுவார்.

தேய்ந்திருந்தால் மூன்றாவது திட்டம். உங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் இதைத்தான்: அந்த ஒரு மூட்டை மட்டும் எலும்போடு எலும்பாகச் சேர்த்துவிடுவது. அக்கா நினைக்கிற மாதிரி விரல் கட்டையாக நிற்காது. 10 முதல் 20 பாகை மடங்கிய நிலையில் சேர்ப்போம். மணிக்கட்டுப் பக்க மூட்டும் நக மூட்டும் அசைந்துகொண்டே இருக்கும். நல்ல கையிலேயே அந்த நடு மூட்டு சிலருக்கு நிறைய மடங்கும், சிலருக்குக் கொஞ்சம்தான் மடங்கும். யாருக்கும் அது தெரிவதுகூட இல்லை. எருது விடும் விழாவில் காயம்பட்டு இரண்டு வருஷம் கழித்து வந்த ஒரு தம்பிக்கு இப்படிச் செய்தேன். கிரானைட் பட்டறையில் வேலை. மறுபடி கல் தூக்குகிறார். எந்த விரலுக்கு ஆபரேஷன் ஆனது என்று கேட்டால் தழும்பைப் பார்த்துத்தான் சொல்கிறார். பாரமான வேலை செய்கிற கைக்கு, தேய்ந்த மூட்டுக்கு, ஒரே முறையில் முடிகிற வேலை இது. இதைத் தோல்வி மாதிரிப் பேசுகிற டாக்டர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஊசி கேட்டிருந்தீர்கள். ஸ்டீராய்டு ஊசி வலியைக் கொஞ்ச நாள் அடக்கும். அறுந்ததை ஒட்டவைக்காது. வலி இல்லையென்று தளர்ந்த மூட்டில் இன்னும் அழுத்தி வேலை செய்வீர்கள், அவ்வளவுதான்.

விட்டுவிடலாமா? உயிருக்கு ஆபத்தில்லை, அதனால் விடலாம். வேலையின்போது கட்டைவிரலைத் தாங்குகிற ஸ்ப்ளின்ட் போட்டுக்கொண்டு, திருகும் வேலையை இடது கைக்கு மாற்றி, காலத்தை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுபது வயதுப் பாட்டி கேட்டிருந்தால் அதையே சொல்லியிருப்பேன். உங்களுக்கு 41. வலது கை. தினமும் இரண்டு வேளை கறவை. உங்கள் நிலையில் என் அக்கா இருந்தால் செய்துகொள் என்பேன்.

ஆபரேஷனில் என்ன தொல்லை வரலாம் என்பதையும் கேளுங்கள். கட்டைவிரலின் மேல்பக்கத்துக்குப் போகும் மெல்லிய உணர்ச்சி நரம்பு சரியாக அந்த இடத்தில்தான் ஓடுகிறது. எவ்வளவு ஜாக்கிரதையாக ஒதுக்கினாலும் சிலருக்குச் சில மாதம் மரத்துப்போன மாதிரி இருக்கும். மூட்டு பழைய அளவுக்கு முழுதாக மடங்காது. உறுதிக்காக அந்தக் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கிறோம். சீழ் பிடிப்பது அபூர்வம், ஆனால் சர்க்கரை இருந்தால் முதலில் அதைக் கட்டுப்படுத்திக்கொண்டு வாருங்கள். கையை மட்டும் மரத்துப்போகச் செய்து செய்யலாம், முழு மயக்கம் தேவைப்படுவதில்லை. பெரும்பாலும் மறுநாள் வீடு.

இனி மாட்டு விஷயம்.

சில வருஷங்களுக்கு முன் உங்களைப் போலவே கறவை செய்கிற ஒரு அம்மாவுக்குப் புது ஜவ்வு கட்டினேன். கை வேலையில் எனக்குத் திருப்தி. ஆறாவது வாரம் கட்டுப் பிரித்தபோது விரல் கச்சிதமாக நின்றது. மூன்றாம் மாதம் வந்தபோது விரல் பழையபடி சாய்ந்தது. விசாரித்தால், கட்டுப் பிரித்த மறுநாளே கறக்க உட்கார்ந்திருக்கிறார். திட்ட வாயெடுத்தேன். "வேற யாரு சார் கறப்பாங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆபரேஷனுக்கு எந்தத் தேதி வசதி என்று கேட்டிருந்தேன், வீட்டில் எத்தனை மாடு கறவையில் இருக்கிறது என்று கேட்கவில்லை. அந்தத் தவறில் பாதிக்கு மேல் என்னுடையது.

புதிதாகக் கோத்த நார் முதல் நாளே ஜவ்வாகிவிடாது. எலும்புத் துளைக்குள் அது பிடிக்க வேண்டும், அதில் புது ரத்த ஓட்டம் வர வேண்டும். நாலிலிருந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தக் காலத்திலும் மற்ற நாலு விரலையும் கட்டைவிரல் நுனியையும் முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். பிறகு கழற்றி மாட்டுகிற ஸ்ப்ளின்ட், பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருகிற பயிற்சி. இந்தக் கட்டத்தில் சாப்பிடலாம், பூக் கட்டலாம், போன் பார்க்கலாம். திருகுவது, இழுப்பது, இறுக்கிப் பிடிப்பது மூன்று மாதம் முடிந்த பிறகு. கறவையையும் களியையும் நான்காம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைச் சேர்க்கிற ஆபரேஷனாக இருந்தால், எலும்பு சேர்ந்துவிட்டதென்று எக்ஸ்ரே சொல்லும் வரை.

நாலு மாடு என்றால் நாலும் ஒரே சமயத்தில் கறவையில் இருக்காதே. கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் சினை மாட்டைக் கறக்காமல் வற்றவிடுவீர்கள். இரண்டு மாடு ஒன்றாக வற்றுகிற மாதத்தை ஒட்டித் தேதி வாங்குங்கள். மீதி மாட்டை யார் கறப்பார் என்று இப்போதே பேசி முடியுங்கள்: வீட்டுக்காரரா, கூலிக்குக் கறக்கிறவரா, வாடகைக்கோ சொந்தத்துக்கோ ஒரு கறவை மெஷினா. எட்டு மாதம் ஆகிவிட்டது, இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் உங்கள் விஷயத்தில் பெரிதாக எதுவும் கெட்டுப்போகாது. அதுவரை ஸ்ப்ளின்ட் போட்டு மூட்டைக் காப்பாற்றுங்கள். எல்லோருக்கும் இப்படிச் சொல்ல மாட்டேன். காயம்பட்டு ஐந்து நாளில் வந்தவருக்கு, மாட்டை யாரிடமாவது விட்டுவிட்டு நாளைக்கே வா என்பேன்.

திரும்பக் கறக்கும்போது கட்டைவிரலை மடக்கி, முட்டியால் காம்பை நசுக்குகிற பழக்கம் இருந்தால் விடுங்கள். கால்நடை மருத்துவர்கள் காம்புக்கு ஆகாது என்பார்கள். நான் விரலுக்கு ஆகாது என்கிறேன். ஸ்காட்லாந்து காவலர்களுக்கு முயல் செய்ததை இது மெதுவாகச் செய்யும். முழுக் கையால் பிடித்துக் கறப்பது இரண்டு பேருக்கும் நல்லது. கயிறை மட்டும் இனிக் கையில் சுற்றாதீர்கள். உள்ளங்கையில் மடித்துப் பிடித்தால் மாடு இழுக்கும்போது கயிறு போகும், விரல் தங்கும்.

எங்கே போவது? கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எலும்பு சிகிச்சைப் பிரிவில் காட்டி, கை அறுவை செய்து பழகியவர் யார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தொடை எலும்புக்குக் கம்பி வைப்பதில் கெட்டிக்காரர் இதிலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது. அங்கிருந்து அனுப்பினால் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே 1970களிலிருந்து ஒரு துறை இயங்குகிறது. உங்களுக்குப் பக்கம் வேலூர் சி.எம்.சி. தொழுநோயில் மடங்கிப்போன கைகளைத் தசைநார் மாற்றி நிமிர்த்திய பால் பிராண்ட் 1940களின் கடைசியில் வேலையைத் தொடங்கிய இடம் அது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், இந்த ஆபரேஷனுக்கு அந்த மருத்துவமனையில் அது செல்லுமா என்று தேதி வாங்கும் முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.

போகும்போது தை மாதம் எடுத்த பழைய எக்ஸ்ரே இருந்தால் எடுத்துப் போங்கள். புதியதோடு ஒப்பிட்டால் எட்டு மாதத்தில் மூட்டு எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும். சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, சர்க்கரை பார்த்த சீட்டு. எந்த மாடு எந்த மாதம் கன்று போடும் என்ற கணக்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டர் மேசையில் வையுங்கள். அவர் சிரித்தால் சிரிக்கட்டும்.